‘நார்மல்’ என்று அச்சடிப்பதற்கு முன்: லேப் நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் இரத்தப் பரிசோதனைக் கூடம் நடத்துகிற உரிமையாளர்களுக்கும், ரிப்போர்ட்டின் அடியில் கையெழுத்திடுகிற பேத்தாலஜிஸ்ட், பயோகெமிஸ்ட் அனைவருக்கும்,

வணக்கம்.

மதுரையில் மருந்துக்கடை நடத்துகிறேன். நான் டாக்டர் இல்லை, பி.பார்ம் படித்தவன். ஆனால் நீங்கள் அச்சடித்துத் தரும் கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டை டாக்டருக்கு முன்னால் பார்க்கிறவர்களில் நானும் ஒருவன். காலையில் வெறும் வயிற்றோடு இரத்தம் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள், சாயந்திரம் கவரை வாங்கிக்கொண்டு நேராகக் கடைக்கு வந்துவிடுகிறார்கள். “அண்ணே, ஏதாவது ஸ்டார் போட்டிருக்கா பாருங்க” என்றுதான் பெரும்பாலும் கேட்பார்கள். எண்ணை யாரும் படிப்பதில்லை. ஓரத்தில் இருக்கும் ஸ்டார், தடித்த எழுத்து, வலது பக்கம் நீங்கள் போடும் ‘நார்மல்’ அளவு, இவற்றை வைத்தே முடிவு கட்டிவிடுகிறார்கள். மொத்தக் கொலஸ்ட்ரால் 200-க்குக் கீழே இருந்தால் பலர் டாக்டரிடம் போவதே இல்லை. கவர் அப்படியே பீரோவுக்குள் போய்விடும்.

அந்த 200-ஐப் பற்றித்தான் இந்த மடல். அது தப்பான எண் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அது நம் ஊர் உடம்புகளைப் பார்த்துக் குறித்த எண் அல்ல. அதை மட்டும் நம்பி ஒருவரை ‘உங்களுக்கு ஒன்றுமில்லை’ என்று வீட்டுக்கு அனுப்ப முடியாது. இதை உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை, படித்திருப்பீர்கள். ஆனாலும் ரிப்போர்ட் தாள் மட்டும் மாறாமல் இருக்கிறது. நீங்கள் நினைத்தால் அந்தத் தாளை மாற்றலாம், அதுவும் பெரிய செலவில்லாமல். அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

அமெரிக்காவில் 1985-இல் தேசியக் கொலஸ்ட்ரால் கல்வித் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அதன் நிபுணர் குழு 1988-இல் முதல் வழிகாட்டுதலை வெளியிட்டது. மொத்தக் கொலஸ்ட்ரால் (ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில்) 200-க்குள் இருந்தால் விரும்பத்தக்கது, 200 முதல் 239 வரை எல்லைக்கோடு, 240-ம் அதற்கு மேலும் அதிகம் என்று வகுத்தது அப்போதுதான். 2001-இல் வந்த மூன்றாவது அறிக்கை ‘கெட்ட கொழுப்பு’ என்கிற எல்.டி.எல். 100-க்குள், இரத்தத்தில் இருக்கும் இன்னொரு வகைக் கொழுப்பான டிரைகிளிசரைடு 150-க்குள், ‘நல்ல கொழுப்பு’ என்கிற எச்.டி.எல். 40-க்குக் கீழே போனால் குறைவு என்று சேர்த்தது. உங்கள் தாளின் வலது ஓரத்தில் இன்றைக்கும் நிற்பவை பெரும்பாலும் இந்த எண்கள்தான். இவற்றுக்குப் பின்னால் இருக்கும் ஆராய்ச்சிகளில் பெரியது ஃப்ரேமிங்ஹாம். மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சின்ன ஊர். 1948-இல் 5,209 பேரைச் சேர்த்துக்கொண்டு தொடங்கிய ஆய்வு. சிகரெட், இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் ஆகியவை இதயத்தைக் கெடுக்கும் என்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு அந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக வந்து உட்கார்ந்து இரத்தம் கொடுத்ததால்தான். உலகமே அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறது. ஆனால் அவர்கள் அநேகமாக எல்லோரும் ஐரோப்பிய வம்சாவளியினர்.

ஒரே எண் எல்லா ஊரிலும் ஒரே ஆபத்தைச் சொல்லுமா என்ற கேள்விக்கும் விடை வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. அமெரிக்க ஆய்வாளர் ஆன்சல் கீஸ் 1958-இல் தொடங்கிய ஏழு நாடுகள் ஆய்வில் அமெரிக்கா, பின்லாந்து, நெதர்லாந்து, இத்தாலி, யூகோஸ்லாவியா, கிரீஸ், ஜப்பான் ஆகிய நாடுகளின் ஆண்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். 25 வருடம் கழித்துக் கணக்கைப் பார்த்தபோது, மொத்தக் கொலஸ்ட்ரால் ஏறத்தாழ 210 இருந்தவர்களில், ஜப்பானிலும் தெற்கு ஐரோப்பாவின் மத்தியதரைக் கடல் பகுதியிலும் 4 முதல் 5 சதவீதம் பேர் மாரடைப்பு நோயால் இறந்திருந்தார்கள். அதே 210 இருந்த வடக்கு ஐரோப்பியர்களில் அது 15 சதவீதம். எண் ஒன்றுதான், ஆபத்து மூன்று மடங்கு. எண் ஏற ஏற ஆபத்து ஏறுவது பெரும்பாலான இடங்களில் ஏறத்தாழ ஒரே விகிதத்தில்தான் நடந்தது. ஆனால் எந்த இடத்திலிருந்து ஏறத் தொடங்குகிறது என்பது ஊருக்கு ஊர் வேறாக இருந்தது. இந்த முடிவு 1995-இலேயே அச்சாகிவிட்டது. அந்த ஏழு நாடுகளில் இந்தியா இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நம்மைப் பற்றிய முதல் எச்சரிக்கை வந்தது சிங்கப்பூரிலிருந்து. 1950-களின் முதல் பாதியில் அங்கே நடந்த பிரேதப் பரிசோதனைகளின் ஆவணங்களை அலசி 1959-இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. இதயத் தமனி நோய் (இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயில் அடைப்பு) சீனர்களைவிட இந்தியர்களிடம் ஏழு மடங்கு இருந்தது. சிங்கப்பூர் இந்தியர் என்றால் பெரும்பாலும் தமிழர்கள்தானே. துறைமுகத்திலும் ரப்பர் தோட்டத்திலும் வேலை பார்க்கப் போன நம் தாத்தாக்கள் காலத்துச் சேதி இது. துரித உணவும் ஏசி அறை வேலையும் வருவதற்கு எத்தனையோ காலம் முன்னால். பிற்பாடு அதே ஊரில் சீனர், மலாய்க்காரர், இந்தியர் மூன்று தரப்பிலும் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எல்.டி.எல். கொலஸ்ட்ராலில் பெரிய வித்தியாசம் இல்லை! இந்தியர்களிடம் வித்தியாசமாக இருந்தவை வேறு: எச்.டி.எல். குறைவு, சர்க்கரை நோய் அதிகம், இடுப்பைச் சுற்றிய கொழுப்பு அதிகம், எல்பி-ஏ என்று சுருக்கமாகச் சொல்லும் லைப்போபுரோட்டீன்-ஏ (இதைப் பின்னால் விளக்குகிறேன்) அதிகம்.

லண்டனின் மேற்கில் சவுத்தால் என்ற இடம். அங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் பஞ்சாபிகள். 1991-இல் மெக்கீக், மார்மட் ஆகியோர் வெளியிட்ட ஆய்வும் இதையேதான் சொன்னது. வயிற்றுக் கொழுப்பு, இன்சுலினுக்கு உடம்பு சரியாகக் கட்டுப்படாமை, டிரைகிளிசரைடு அதிகம், எச்.டி.எல். குறைவு. கோதுமை ரொட்டி சாப்பிடும் பஞ்சாபியும் அரிசிச் சோறு சாப்பிடும் சிங்கப்பூர்த் தமிழரும் ஒரே மாதிரி ரிப்போர்ட்டோடு நிற்கிறார்கள் என்றால், நெய்யையோ தேங்காயையோ மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நகர முடியாது.

நம் நாட்டுக் கணக்கும் இருக்கிறது. சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்திய இன்டியாப் என்ற சர்க்கரை நோய் ஆய்வின் முதல் கட்டத்தில் தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் நான்கும் இருந்தன. 2014-இல் வெளியான அதன் முடிவின்படி, கொலஸ்ட்ரால் அதிகம் என்று சொல்லத்தக்கவர்கள் ஏறக்குறைய 14 சதவீதம் பேர்தான். எச்.டி.எல். குறைவாக இருந்தவர்களோ 72 சதவீதம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் மக்கள் கண்ணை ஓட்டுவது முதல் எண்ணில். நம் ஊர்ச் சிக்கல் இருப்பதோ இரண்டாவதில்.

இப்போது ஒரு ரிப்போர்ட்டையே பிரித்துப் பார்க்கிறேன். நாற்பதுகளின் தொடக்கத்தில் இருப்பவர், ஒல்லியான கை கால், சட்டைக்குள் மட்டும் சின்னத் தொப்பை. பைக் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். மொத்தக் கொலஸ்ட்ரால் 182, விரும்பத்தக்கது. எச்.டி.எல். 31, டிரைகிளிசரைடு 260, டிரைகிளிசரைடை வைத்துக் கணக்கிடும் வி.எல்.டி.எல். 52, எல்.டி.எல். 99, உகந்தது. மொத்தமும் ‘கெட்ட கொழுப்பு’ம் ஸ்டார் இல்லாமல் தப்பிவிட்டன. “கெட்டது நூறுக்குள்ளதான இருக்கு? டிரைகிளிசரைடு மட்டும் கொஞ்சம் கூட, முட்டையைக் குறைச்சுக்கிறேன்” என்றார். பக்கத்துக் கடைக்காரர் சொன்ன வைத்தியமாம்.

அந்த 99-ஐ எப்படிப் போட்டீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. 1972-இல் ஃப்ரீட்வால்ட் தந்த சூத்திரம்: மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லைக் கழித்து, டிரைகிளிசரைடை ஐந்தால் வகுத்து அதையும் கழிக்க வேண்டும். 182-லிருந்து 31 போக, 52 போக, 99. அதாவது அந்த எண்ணை மெஷின் அளக்கவில்லை, கணக்குப் போட்டு எழுதியிருக்கிறீர்கள். டிரைகிளிசரைடு ஏறினால் இந்தக் கணக்கு எல்.டி.எல்.லைக் குறைத்துக் காட்டும், 400 தாண்டினால் கணக்கே செல்லாது. டிரைகிளிசரைடு ஏறிக் கிடக்கும் ஒரு ஊரில் போய் இந்தச் சூத்திரத்தின் விடையை முதல் அளவுகோலாக வைத்திருக்கிறோம்.

அதே தாளில் ஒரே ஒரு கழித்தலில் வேறொரு எண் கிடைக்கும். 182-லிருந்து 31-ஐக் கழித்தால் 151. இதுதான் நான்-எச்.டி.எல்., தமனியைக் கெடுக்கும் கொழுப்புத் துகள்கள் எல்லாவற்றிலும் சேர்ந்திருக்கும் கொலஸ்ட்ரால். வேறு ஆபத்து எதுவும் இல்லாத சாதாரண ஆளுக்கே இது 130-க்குள் இருக்க வேண்டும் என்று இந்திய இருதயவியல் சங்கத்தின் 2024 வழிகாட்டுதல் சொல்கிறது. 99 என்று பார்த்தால் உகந்தது. 151 என்று பார்த்தால் டாக்டரிடம் போக வேண்டியது. இரண்டும் ஒரே மனிதரின் ஒரே சொட்டு இரத்தம்.

99 ஏன் நிம்மதி தராது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. டிரைகிளிசரைடு கூடி எச்.டி.எல். குறைந்த உடம்பில் எல்.டி.எல். துகள்கள் சின்னதாகவும் அடர்த்தியாகவும் இருக்கும். நூறு பேரை மாட்டுத்தாவணியிலிருந்து பெரியார் நிலையத்துக்குக் கொண்டுபோக இரண்டு டவுன் பஸ் போதும். ஷேர் ஆட்டோ என்றால் பதினைந்து இருபது வண்டி வேண்டும். பயணிகள் அதே நூறு பேர்தான், ஆனால் ரோட்டில் உரசி முட்டுவது வண்டிகள். உங்கள் தாளில் இருக்கும் எல்.டி.எல். பயணிகளை எண்ணுகிறது, தமனிச் சுவரில் போய் மாட்டிக்கொள்வது வண்டி. வண்டிகளை எண்ண அபோ-பி என்ற பரிசோதனை இருக்கிறது, ஒவ்வொரு துகளுக்கும் ஒரு அபோ-பிதான் உண்டு என்பதால். அதை எல்லோருக்கும் இலவசமாகப் போடுங்கள் என்று கேட்கவில்லை. நான்-எச்.டி.எல்.லையாவது முதல் வரியில், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரிப் போடுங்கள். எல்.டி.எல். கணக்கிட்டதா அளந்ததா என்று தமிழில் ஒரு சொல் சேருங்கள். இதற்குப் புது மெஷினும் வேண்டாம், கெமிக்கலும் வேண்டாம்.

அடுத்தது இதைவிட அவசரமானது. ஸ்டென்ட் வைத்த ஒரு அம்மா என் கடையில் மாதாமாதம் மாத்திரை வாங்குவார்கள். ஒரு தடவை லிஸ்டில் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ரோசுவாஸ்டாட்டினை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கேட்டார்கள். ஏன் என்றேன். “கொழுப்பெல்லாம் நார்மலாயிருச்சு தம்பி, ரிப்போர்ட்லயே போட்டிருக்கான். இனி எதுக்கு?” ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன். எல்.டி.எல். 94. ஸ்டார் இல்லை. ‘100-க்குக் கீழ்: உகந்தது.’

உங்களுக்குத் தெரியும், அந்த அம்மாவுக்கு அது உகந்தது இல்லை. மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள் போன்ற மிக அதிக ஆபத்துக்காரர்களுக்கு எல்.டி.எல். 55-க்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது அதே 2024 வழிகாட்டுதல். அதிக ஆபத்துள்ளவர்களுக்கு 70-க்குக் கீழே. சர்க்கரை நோயாளிகள் பலர் இதில் அடங்குவார்கள். ஆக 94 என்பது அந்த அம்மாவின் டாக்டர் மருந்தைக் கூட்டலாமா என்று யோசிக்க வேண்டிய எண். உங்கள் தாள் அதை மருந்தை நிறுத்தலாம் என்று படிக்க வைத்துவிட்டது. நான் அவர்களைத் திருப்பி டாக்டரிடம் அனுப்பினேன். கடைக்கு வராமல் வீட்டிலேயே நிறுத்திவிடுகிறவர்களை யார் அனுப்புவது?

ஆகவே எல்.டி.எல். வரிக்கு எதிரே ஒரே எண்ணைப் போடாதீர்கள். ‘இதயநோய், பக்கவாதம் வந்தவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் இலக்கு இதைவிடக் குறைவு. டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்த வேண்டாம்’ என்று தமிழில், படிக்கும்படியான எழுத்தில் இரண்டு வரி. இந்த மடலில் ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

எல்பி-ஏ பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் நம் குடும்பங்களில் ‘சிகரெட் கிடையாது, சர்க்கரை கிடையாது, எப்படிப்பா வந்துச்சு?’ என்று கேட்கும் சாவுகள் சிலவற்றுக்குப் பின்னால் இது இருக்கிறது. 1963-இல் நார்வேயின் கோரே பெர்க் கண்டுபிடித்தது. எல்.டி.எல். போன்ற ஒரு துகளில் கூடுதலாக ஒரு புரதம் சுற்றிக்கொண்டிருக்கும். எவ்வளவு இருக்கும் என்பதைப் பெரும்பாலும் பிறக்கும்போதே மரபணு முடிவுசெய்துவிடுகிறது. நடைப்பயிற்சியும் பத்தியமும் அதை அசைப்பதில்லை. வாழ்நாள் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவில் நிற்பதால் ஒரு தடவை பார்த்தால் போதும்.

இதிலும் மக்களுக்கு மக்கள் வேறுபாடு உண்டு. மாரடைப்பின் காரணங்களைத் தேடி 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வின் இரத்த மாதிரிகளை வைத்து 2019-இல் வெளியான கணக்கில், சராசரியாக எல்பி-ஏ மிக அதிகம் இருந்தது ஆப்பிரிக்கர்களிடம், மிகக் குறைவு சீனர்களிடம். ஆனால் எல்பி-ஏ கூடும்போது மாரடைப்பு ஆபத்து வலுவாகக் கூடியது தெற்காசியர்களிடம். டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்த தெற்காசியர்களுக்கு ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்கு. இந்தியர்களில் நான்கில் ஒருவருக்கு இந்த அளவு தாண்டியிருக்கும் என்று இருதயவியல் சங்கம் சொல்கிறது. எல்லோரும் வாழ்நாளில் ஒருமுறையாவது பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் பரிந்துரை. இதற்கென்றே ஒரு மாத்திரை இன்னும் என் கடை அலமாரிக்கு வரவில்லைதான். அப்புறம் எதற்குப் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். எல்பி-ஏ அதிகம் என்று தெரிந்தால் டாக்டர் எல்.டி.எல்.லையும் இரத்த அழுத்தத்தையும் இன்னும் கெட்டியாகப் பிடிப்பார், அண்ணன் தம்பி, பிள்ளைகளையும் கூப்பிட்டுப் பார்ப்பார். இன்றைக்கே செய்யக்கூடியவை இவை.

உங்கள் முழு உடல் பரிசோதனைப் பேக்கேஜ்களில் எத்தனை பரிசோதனை என்று பெரிதாகப் போடுகிறீர்கள். சிலவற்றில் எல்.டி.எல்.லை எச்.டி.எல்.லால் வகுத்தது ஒரு பரிசோதனை, மொத்தத்தை எச்.டி.எல்.லால் வகுத்தது இன்னொரு பரிசோதனை என்று எண்ணிக்கை ஏற்றியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதில் எல்பி-ஏ இல்லை. வருடா வருடம் வேண்டாத ஒன்று, ஆயுளுக்கு ஒருமுறை போதும். முதல் தடவை வருகிறவர்களின் பேக்கேஜில் அதை முடிந்த அளவு குறைந்த விலைக்குச் சேர்த்துக் கொடுங்கள். ரிப்போர்ட்டில் அலகைத் தெளிவாகப் போடுங்கள். ஒரு லேப் மில்லிகிராமில் கொடுக்கிறது, இன்னொரு லேப் நானோமோலில் கொடுக்கிறது. டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராம் என்பது லிட்டருக்குச் சுமார் 125 நானோமோல். 110 என்ற எண்ணை எந்த அலகில் படிப்பது என்று தெரியாமல் ஒரு குடும்பமே பயந்துபோய் நிற்பதைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

இனம், வம்சாவளி என்று பேசும்போது ஒரு பயமும் எனக்கு உண்டு. ‘நம்ம இரத்தம் அப்படி, தலையெழுத்து’ என்று கையை விரித்துவிடக் கூடாது. இன்டர்ஹார்ட் 2004-இல் சொன்ன பெரிய சேதியே அதற்கு நேர் எதிரானது. கேரளத்தில் பிறந்த சலீம் யூசுஃப் தலைமையில் நடந்த அந்த ஆய்வு, முதல் மாரடைப்பின் ஆபத்தில் ஏறத்தாழ 90 சதவீதத்தை ஒன்பது காரணங்களில் அடக்கியது. புகை, இரத்தக் கொழுப்பு, இரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை, மன அழுத்தம், காய்கனி இல்லாமை, உடலுழைப்பு இல்லாமை இவையெல்லாம் அதில் வரும். அவை எல்லா நாட்டுக்கும் பொது. தெற்காசியர்களுக்குத் தனியாக ஒரு மர்மக் காரணம் இல்லை. அதே காரணங்கள் நம்மிடம் சீக்கிரம் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. முதல் மாரடைப்பு வரும் நடுவயது மற்ற நாடுகளில் 59 என்றால் தெற்காசியாவில் 53. ஆறு வருடம் என்பது ஒரு பெண்ணின் கல்யாணம், ஒரு வீட்டுக் கடன், ஒரு பையனின் இன்ஜினியரிங் படிப்பு.

ஜப்பானியர் கதையும் இதையே சொல்கிறது. 1965-இல் தொடங்கிய நி-ஹோன்-சான் ஆய்வில் ஹிரோஷிமா, நாகசாகியில் இருந்த ஜப்பானிய ஆண்களையும், ஹவாயில் குடியேறியவர்களையும், கலிபோர்னியாவில் குடியேறியவர்களையும் ஒப்பிட்டார்கள். வம்சம் ஒன்றுதான். ஆனால் அமெரிக்காவை நெருங்க நெருங்க கொலஸ்ட்ராலும் ஏறியது, இதய நோயும் ஏறியது.

அதே சமயம் வேறுபாட்டைப் பார்க்காமல் இருப்பதும் நஷ்டம்தான். டல்லாஸில் ஹெலன் ஹாப்ஸும் ஜொனாதன் கோஹனும் கறுப்பின மக்களையும் சேர்த்து ஆராய்ந்தபோது, அவர்களில் சிலருக்குப் பி.சி.எஸ்.கே.9 என்ற மரபணு வேலை செய்யாமல் இருப்பதையும், அவர்களின் எல்.டி.எல். பிறவியிலிருந்தே குறைவாக இருப்பதையும் கண்டார்கள். 2006-இல் அவர்கள் வெளியிட்ட கணக்கில், அப்படிப்பட்ட கறுப்பினத்தவருக்கு எல்.டி.எல். 28 சதவீதம் குறைவு, இதயத் தமனி நோய் 88 சதவீதம் குறைவு. அந்த மரபணுவின் புரதத்தைத் தடுக்கும் ஊசிகள் 2015-இல் சந்தைக்கு வந்தன. இன்று அந்த ஊசியை மதுரையில் ஒரு நோயாளி போட்டுக்கொள்கிறார் என்றால், வெள்ளையரோடு நிறுத்திக்கொள்ளாமல் ஆய்வுக்குள் கறுப்பினத்தவரையும் சேர்த்ததும் ஒரு காரணம்.

மருந்திலும் இது உண்டு. ரோசுவாஸ்டாட்டின் ஒரே அளவு கொடுத்தாலும் ஆசிய வம்சாவளியினரின் இரத்தத்தில் ஏறத்தாழ இரண்டு மடங்கு ஏறுகிறது என்று தெரிந்ததும், 2005-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஆசியர்களுக்கு 5 மில்லிகிராமில் தொடங்கச் சொல்லி அதன் லேபிளையே மாற்றியது. மருந்து லேபிள் மாறும்போது ரிப்போர்ட் தாள் மாறக் கூடாதா?

நம்மை வைத்து அளவுகோல் போடாத ஊர்களே தங்கள் அளவுகோலைத் திருத்திக்கொண்டுவிட்டன. பிரிட்டனில் 2008-இல் வந்த, இதய நோய் ஆபத்தைக் கணிக்கும் கியூரிஸ்க்-2 கணக்கில் ஆள் இந்தியரா, பாகிஸ்தானியரா, வங்கதேசத்தவரா என்று டாக்டரின் கம்ப்யூட்டர் தனித்தனியாகக் கேட்கிறது. அமெரிக்காவின் 2018 கொலஸ்ட்ரால் வழிகாட்டுதல் தெற்காசிய வம்சாவளியையே ஆபத்தைக் கூட்டும் அம்சங்களில் ஒன்றாகச் சேர்த்தது. லண்டனுக்குப் போன மதுரைக்காரரின் வம்சாவளியை அங்கே கணக்கில் எடுக்கிறார்கள். மதுரையிலேயே இருக்கிறவரின் கையில் 1988-ஆம் ஆண்டு அமெரிக்க எண்.

கவுண்டரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்டால் நல்லது. அப்பா, அண்ணன், தம்பி யாருக்காவது 55 வயதுக்கு முன்னால் மாரடைப்பு வந்ததா? அம்மா, அக்கா, தங்கைக்கு 65-க்கு முன்னால்? பதிலை ரிப்போர்ட்டின் மேலே பெயர், வயதோடு சேர்த்து அச்சடியுங்கள். டேப் வைத்து இடுப்பைச் சுற்றி அளந்து அதையும் எழுதலாம். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 என்பது நமக்கான எல்லை. அமெரிக்க ஆணுக்கு அது 102. இருபது வயதுப் பையன் வந்து கேட்டால் ‘உனக்கு எதுக்குடா இப்பவே’ என்று திருப்பி அனுப்பாதீர்கள். முதல் லிப்பிட் (இரத்தக் கொழுப்பு) பரிசோதனையை 18 வயதில் செய்யச் சொல்கிறது இருதயவியல் சங்கம்.

வெறும் வயிறு விஷயத்தையும் தளர்த்துங்கள். சாப்பிட்டுவிட்டு வந்தும் லிப்பிட் பரிசோதனை செய்யலாம் என்று டென்மார்க்கில் 2009-லேயே நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள், இந்தியச் சங்கமும் ஏற்றுக்கொண்டுவிட்டது. டிரைகிளிசரைடு 400 தாண்டி வந்தால் மட்டும் திரும்ப வெறும் வயிற்றில் பார்த்தால் போதும். சர்க்கரைக்கு வெறும் வயிறு வேண்டுமென்றால் அது வேறு. கட்டட வேலைக்குப் போகிறவரும் பூ கட்டுகிற அம்மாவும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பட்டினியாக வந்து உங்கள் பெஞ்சில் உட்கார வேண்டியிருப்பதால்தான் பலர் பரிசோதனைக்கே வருவதில்லை.

அரசு மருத்துவமனை லேப் பொறுப்பில் இருப்பவர்கள் இதைப் படித்தால் அவர்களிடமும் இதே வேண்டுகோள்தான். வீடு தேடி வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை தருகிற ஏற்பாடு நம் மாநிலத்தில் 2021-இலிருந்து இருக்கிறது. நெஞ்சுவலி என்று வருகிறவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்துவிடும் ஏற்பாடு 2023-இல் வந்தது. அவ்வளவு தூரம் வந்தவர்களுக்கு லிப்பிட் ரிப்போர்ட்டில் நான்-எச்.டி.எல். என்று ஒரு வரி சேர்ப்பது பெரிய காரியம் இல்லை.

உங்களில் யாராவது தாளை மாற்ற முன்வந்தால், தமிழில் எப்படி எழுதினால் கடைக்கு வருகிறவர்களுக்குப் புரிகிறது என்று சொல்லித் தர நான் தயார். அவர்கள் எந்தச் சொல்லில் தடுக்கி நிற்கிறார்கள் என்பது எங்களுக்குத்தான் தெரியும். மாதிரித் தாளை அனுப்புங்கள், கடைக்கு வரும் நாலு பேரிடம் படிக்கக் கொடுத்துவிட்டு என்ன புரிந்துகொண்டார்கள் என்று எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து ஒரு மருந்துக்கடைக்காரர்